பழைய கணினிக்கு மறுவாழ்வு
(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் கணினி படித்தவன் இல்லை. நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவன். ஒரு பழைய கணினியோடு பட்ட பாட்டைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். சரியாகச் செய்ததைப் போலவே தவறாகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர், தம் அலுவலகத்தில் கழித்துவிட்ட சிறிய மேசைக் கணினி ஒன்றைத் திரையோடு கொண்டுவந்து கொடுத்தார். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு வருகைப்பதிவு எடுத்து முடித்தாலும் திரை வந்திருக்காது. "சார், இது இன்னும் தூங்குது" என்பார்கள் பிள்ளைகள்.

மதிய இடைவேளையில் பிள்ளைகள் இதில் கணக்கு விளையாட்டு ஆட வேண்டும் என்பது என் ஆசை. விளையாட்டு என்றால் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 3,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய கார்டு வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து பொருத்தினால் மூட முடியவில்லை. இந்த ஒல்லிப் பெட்டிகளுக்குப் பாதி உயரக் கார்டுதான் சேரும். அதுவும், தனி மின்கம்பி கேட்காமல் பொருத்தும் இடத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிற கார்டாக இருக்க வேண்டும். அந்த இடம் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கியும் சிறியது. கடைக்காரர் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான், இது ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலி சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது.

செய்தவை ஐந்து. முதலாவது, தூசி தட்டி, செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தது. இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டது. பெரிய மாற்றம் இதில்தான் வந்தது. மூன்றாவது, இன்னொரு 4 ஜிபி ரேம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் காட்டும் வேலைக்கும் ரேமைத்தான் பங்குபோட வேண்டும். ஒரே அளவில் இரண்டு ரேம்களைச் சரியான இணை இடங்களில் செருகினால் அந்த வேலையும் வேகமாகும். இதற்கு டிடிஆர்3 வகைதான் பொருந்தும்; டிடிஆர்4 இதில் நுழையவே நுழையாது. நான்காவது, தேதியை மறக்கச் செய்த சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றியது. ஐந்தாவது, லினக்ஸ் மின்ட் நிறுவியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இந்தச் செயலிக்கு இல்லை. லினக்ஸுக்குச் செலவும் இல்லை. எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. வீணாய்ப்போன கார்டின் விலையைவிடக் குறைவு!

ஜிகாம்ப்ரி, டக்ஸ் மேத் இரண்டும் தடங்கலின்றி ஓடின. படத்தரத்தைக் குறைத்து வைத்தால் சூப்பர் டக்ஸ் கார்ட் பந்தயமும் ஓடுகிறது. மூன்றும் இலவசம், நிறுவிய பிறகு இணையம் இல்லாமலே ஆடலாம்.

இப்போது ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. என் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'மெல்லக் கற்பவர்' என்று நான்தான் எழுதியிருந்தேன். டக்ஸ் மேத்தில் மேலிருந்து விழும் கணக்குக்கு, அது தரையைத் தொடுமுன் விடை தட்ட வேண்டும். ஒருநாள் அவனுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். 9இல் 4 போனால், 18இல் 5 போனால்... பட்பட்டென்று தட்டினான். 13இல் 7 வந்தது, கை நின்றுவிட்டது. 15இல் 8, மறுபடியும் நின்றது. பத்தைத் தாண்டிக் கழிக்கும் ஓர் இடத்தில் மட்டும்தான் அவனுக்குத் தடை.

அந்த இடத்தைப் பார்க்காமல், இரண்டு மாதமாக எல்லாக் கழித்தலுக்கும் பயிற்சித்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணினிக்குச் செய்த தவறையேதான் அவனுக்கும் செய்திருக்கிறேன். தடை எங்கே என்று பார்க்காமல் எதையோ வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். மறுநாளிலிருந்து புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து உட்கார்ந்தோம். மூன்று வாரத்தில் 13இல் 7 அவனுக்கு வந்துவிட்டது. பதிவேட்டில் இருந்த சொல்லையும் அடித்துவிட்டேன்.

முடிக்கும் முன் சில எச்சரிக்கைகள். அரசு வழங்கிய ஆய்வகக் கணினிகளை நாமாகத் திறக்கக் கூடாது. நன்கொடையாக வந்ததையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தெரிவித்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தலைமை ஆசிரியர் அனுமதி பெற்ற பிறகே தொடுங்கள். திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்குங்கள். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வையுங்கள்; இல்லாவிட்டால் கைவேகம் உள்ளவர்களே கணினியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பத்து நிமிடமும், பிள்ளைக்குப் பின்னால் நின்று பாருங்கள். விடைத்தாளில் தெரியாதது அங்கே தெரியும்.