கணக்கின் சாரம்

(சாரத்தில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்போ பிசிக்கல் கெமிஸ்ட்ரி கணக்கு. பசி நேரத்தில் கணக்கு சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

காலையில் சில மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். "தியரி எழுதிடுவோம் அண்ணா, பிராப்ளம் வந்தா மட்டும் சாய்ஸ்ல விட்டுடுவோம்" என்றார்கள். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பிராப்ளம் என்பது பரீட்சைக்காக யாரோ உட்கார்ந்து கற்பனை செய்தது அல்ல. தொழிற்சாலை தினமும் கேட்கிற கேள்வியைத்தான் வாத்தியார் உங்கள் கையில் கொடுக்கிறார்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே காலாப்பட்டுக்குப் போனால் கெம்ஃபாப் ஆல்கலிஸ் ஆலை இருக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றையும் எடுக்கும் ஆலை. 1985-இல் மெம்பரேன் செல் முறையை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது நம் புதுச்சேரியின் இந்த ஆலைதான். அந்த மாதிரி ஓர் ஆலையின் கேட்டுக்குள் நுழைந்தால், ஆற்றல், பிணைப்பு, மின்வேதியியல் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே கூரையின் கீழ் நடந்துகொண்டிருக்கும்.

முதல் கணக்கு. ஒரு டன் காஸ்டிக் சோடா செய்ய எவ்வளவு மின்சாரம்? ஃபாரடே 1830-களிலேயே வழி சொல்லிவிட்டார். ஒரு டன் என்பது பத்து லட்சம் கிராம். மூலக்கூறு எடை 40. ஆக 25,000 மோல். ஒரு மோலுக்கு ஒரு மோல் எலக்ட்ரான், அதாவது 96,485 கூலும். பெருக்கினால் சுமார் 241 கோடி கூலும். 3,600-ஆல் வகுத்தால் 6 லட்சத்து 70 ஆயிரம் ஆம்பியர்-மணி. அவ்வளவுதான் கணக்கு. இதில் ஃபார்முலா எங்கே வந்தது? எலக்ட்ரானை எண்ணினோம், மளிகைக் கடைக்காரர் மூட்டையை எண்ணுகிற மாதிரி.

இரண்டாவது கணக்கு வோல்ட்டேஜ். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சோடியம் என்ற பெயரைப் பார்த்ததும் பட்டியலில் இருந்து மைனஸ் 2.71-ஐ எடுத்துப் போட்டு 4.07 வோல்ட் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் எதிர்மின்வாயில் சோடியம் உலோகம் படிவதே இல்லை. தண்ணீர்தான் அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. அதற்கு மைனஸ் 0.83. குளோரினுக்கு பிளஸ் 1.36. வித்தியாசம் 2.19 வோல்ட். செல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று சமன்பாட்டை எழுதிப் பார்க்காமல் எண்ணைப் பிடித்ததால் வந்த வினை அந்த 4.07.

இன்னொரு வலையும் இருக்கிறது. எலக்ட்ரானைச் சமன் செய்ய அரை வினையை இரண்டால் பெருக்குகிறோம் அல்லவா? உடனே வோல்ட்டையும் இரண்டால் பெருக்கிவிடுவார்கள். கூடாது. ஆற்றல் இரட்டிப்பாகும், வோல்ட் ஆகாது. வோல்ட் என்பது தொட்டியின் உயரம் மாதிரி. இரண்டு குடம் தண்ணீர் பிடித்தால் தொட்டி உயர்ந்துவிடுமா?

இனி 2.19-ஐ 6 லட்சத்து 70 ஆயிரத்தோடு பெருக்கிப் பாருங்கள். டன்னுக்குச் சுமார் 1,467 யூனிட். இதற்குக் குறைந்து எந்த மேதாவியாலும் இதே வினையில் ஒரு டன் எடுக்க முடியாது. இது இயற்கை போட்ட குறைந்தபட்ச பில். நடைமுறையில் மெம்பரேன் செல் சுமார் 3 வோல்ட்டில் ஓடுகிறது. டன்னுக்கு ஏறத்தாழ 2,100 யூனிட் ஆகிறது. பழைய பாதரச செல்லுக்கு 4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். செலவும் அதிகம், பாதரசத்தின் விஷமும் கூட. 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை அந்த முறையை 2025-க்குள் நிறுத்தச் சொன்னது.

ஒரு கேள்வி வரலாம். பட்டியலை மட்டும் பார்த்தால் நேர்மின்வாயில் குளோரினுக்கு முன்னால் ஆக்சிஜன் அல்லவா வர வேண்டும்? நல்ல கேள்வி. பட்டியல் எது சாத்தியம் என்று சொல்லும், எது வேகமாக நடக்கும் என்று சொல்லாது. ஆக்சிஜன் வருவது மந்தமான வேலை. குளோரின் முந்திக்கொள்கிறது. அதற்கேற்ற மின்வாயைத் தேடித்தான் ஆராய்ச்சியே நடந்தது. முன்பெல்லாம் கிராஃபைட் மின்வாய். அது தேயத் தேய இடைவெளி கூடும், வோல்ட் ஏறும். பிறகு ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் மின்வாய் வந்தது. நம் நாட்டில் அந்த வகை மின்வாயை உருவாக்கியவர்களில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது.

"அரை வோல்ட், கால் வோல்ட்டில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்காதீர்கள். 0.1 வோல்ட் கூடினாலே டன்னுக்குக் குறைந்தது 67 யூனிட் கூடுதல். நாளொன்றுக்கு 100 டன் எடுக்கும் ஆலைக்கு 6,700 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 46,900 ரூபாய். வருஷத்தில் 350 நாள் ஓடினால் 1 கோடியே 64 லட்சம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை இலக்கத்தின் விலை இது.

மூன்றாவது கணக்கு பணத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது. பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும் என்று பல பேர் நினைக்கிறார்கள். தலைகீழ். உடைக்கச் செலவு, சேர்ந்தால் வரவு. ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோ ஜூல். குளோரினுக்கு 242. மொத்தச் செலவு 678. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவானால் வரவு 862. நிகர லாபம் 184 கிலோ ஜூல், வெப்பமாக வெளியே வரும்.

இப்போது வேறு ஒரு கேள்வி. 242 கிலோ ஜூலுக்கு ஈடான ஒளி எது? கணக்குப் போட்டால் 494 நானோமீட்டர். அதற்குக் குறைந்த அலைநீளம் நம் வெயிலில் தாராளமாக இருக்கிறது. ஹைட்ரஜனை உடைக்க 274 வேண்டும். அதை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடும். ஆனால் குளோரின் ஒன்று உடைந்தாலே போதும். அந்த அணு ஹைட்ரஜனைத் தாக்கும், அதிலிருந்து வரும் அணு அடுத்த குளோரினைத் தாக்கும், சங்கிலி நிற்காது. இரண்டு வாயுவும் கலந்த கண்ணாடிக் குடுவையை வெயிலில் வைத்தால் வெடிக்கும். மெம்பரேன் என்ற அந்த மெல்லிய தாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா? சோடியம் அயனிக்கு வழி விட்டு, இரண்டு வாயுக்களையும் பிரித்து வைக்கிறது. கரைசலில் கால்சியம், மெக்னீசியம் மிஞ்சினால் அந்தத் தாள் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உப்பைச் சுத்தம் செய்வதில் அத்தனை கெடுபிடி.

தம்பி தங்கைகளே, கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது நான்கு விஷயம் செய்யுங்கள். முதலில் சமன்பாட்டை எழுதுங்கள். எலக்ட்ரானை எண்ணுங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள், கடைசியில் மட்டும் அல்ல. விடை வந்ததும் இது நடக்கிற காரியமா என்று கேளுங்கள். டன்னுக்கு 1,467-ஐ விடக் குறைந்த யூனிட் வந்தால் கால்குலேட்டரை நம்பாதீர்கள், மறுபடி போடுங்கள். இந்த ஊரின் பெயரே சாரம். விடைத்தாளில் எண் இருந்தால் போதாது, அந்த எண் என்ன சொல்கிறது என்ற சாரமும் இருக்க வேண்டும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பேட்டரி, மருந்து, மின்பூச்சு, குடிநீர் என்று பல துறையில் இருக்கிறோம். அடுத்த சந்திப்புக்கு வரும்போது சால்வை, பூங்கொத்தெல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு கணக்கு, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உண்மையிலேயே எழுந்த கணக்கு, ஒரு பக்கத்தில் எழுதி வேதியியல் துறையில் கொடுங்கள். முப்பது பேர் கொடுத்தால் முப்பது கணக்கு. எந்தக் கோச்சிங் சென்டரிலும் கிடைக்காத புத்தகம் அது.

சாப்பாடு தயாராக இருக்கிறதாம்.