கால் ஏன் தவறணைப் பக்கம் திரும்புகிறது?

(தம்புள்ளையில் நடந்த நமது சங்கத்தின் கல்வி வகுப்பில் கல்விப் பிரிவினர் ஆற்றிய உரை)



மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்தவர்களுக்கும், பொருளாதார மத்திய நிலையத்தில் இரவெல்லாம் மரக்கறி மூட்டை தூக்கிவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் நாட்டாமித் தம்பிமாருக்கும் எங்கள் வணக்கம். அந்தச் சந்தை 1999இல் திறந்த நாளில் இருந்து நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கே தோள் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஊர் நமக்குப் புதிதல்ல. கோப்பித் தோட்டக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர்கள் காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையைக் கடந்துதான் மாத்தளைக்குப் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஆள் நடக்க நடக்கக் காட்டுக்குள் தடம் விழுந்தது. தடம் விழுந்த பிறகு அடுத்து வருகிறவன் யோசிக்க வேண்டியதில்லை. கால் தானாக அதில் போகும். இன்றைக்கு நாங்கள் பேச வந்திருப்பதும் ஒரு தடத்தைப் பற்றித்தான். நம் தலைக்குள் விழும் தடம் அது.

குடியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். சில அக்காமார் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். யாரையும் ஏச நாங்கள் வரவில்லை. ஏசுவதால் குடி நிற்குமானால் நம் லயங்களில் எப்போதோ நின்றிருக்கும். அத்தனை ஏச்சு அங்கே நடக்கிறது.

சம்பள உயர்வு கேட்டு நாம் போகும்போதெல்லாம் ஒரு பதில் வருகிறது. "கூட்டிக் கொடுத்தால் தவறணைக்குத்தானே போகும்? குடிக்கிற சனம், கட்டுப்பாடு இல்லாத சனம்" என்கிறார்கள். நம்மில் பலரும் அதை நம்பிவிட்டோம் என்பதுதான் பெரிய வேதனை. குடிக்கிறவரே, "நான் உருப்படாதவன்" என்று சொல்லிக்கொண்டு குடிக்கிறார்.

கட்டுப்பாடு இல்லை என்பது உண்மைதானா? நம் தோட்டங்களில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். பதினைந்து வருடம் குடித்தவர் ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. விடியற்காலைக் குளிரில் குளிக்கிறார், பஜனைக்குப் போகிறார், வெறுங்காலோடு வேலைக்கு வருகிறார். கட்டுப்பாடு இல்லாதவர் இதையெல்லாம் செய்வாரா? ஆனால் மாலையைக் கழற்றிய கிழமையே அவர் தவறணையில் நிற்கிறார். அதே மனிதர், அதே மூளை. இடையில் மாறியது என்ன? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்குள் போய்விட்டு வந்து பதில் சொல்கிறோம்.

1954இல் கனடாவில் மொன்றியல் நகரில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியை வைத்து, சிறிதளவு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மின்சாரம் கிடைத்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு எலியே அழுத்தக்கூடிய ஒரு நெம்புகோலை வைத்தார்கள். மூளையின் சில இடங்களில் கம்பி வைத்த எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கில், சில ஆயிரக்கணக்கில்கூட, அதை அழுத்தின. வேறு பரிசோதனைகளில் பக்கத்தில் உணவு இருந்தும் சாப்பிடாமல் அழுத்திக்கொண்டிருந்த எலிகளும் உண்டு.

அந்தப் பாதை நம் எல்லோருக்கும் இருக்கிறது. நடுமூளையில் ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் தொடங்கி, மூளையின் முன்பக்கம் வரை அது போகிறது. வெகுமதிப் பாதை என்று வைத்துக்கொள்வோம். அதில் டோபமின் என்ற ஒரு இரசாயனம் வேலை செய்கிறது. இது கெட்ட பாதை இல்லை. பசித்தவனை அடுப்படிக்குக் கொண்டுபோவது இதுதான். விழுந்து விழுந்து எழும் குழந்தையை மறுபடி நடக்க வைப்பதும் இதுதான். "இன்னும் ஒரு நிரை, பிறகு மடுவத்துக்குப் போகலாம்" என்று கொழுந்து எடுக்கும் தங்கச்சியின் கையை ஓட வைப்பதும் இதுதான். இது இல்லாவிட்டால் மனிதனுக்கு எழுந்து உட்காரவே மனம் வராது.

டோபமினை இன்பம் தரும் இரசாயனம் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளை வைத்துப் பல வருடங்கள் ஆராய்ந்தார். குரங்கின் வாயில் பழச்சாறு விழுந்ததும் அந்த நரம்பணுக்கள் துடித்தன. பிறகு, பழச்சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கை எரிய வைத்துப் பழக்கினார். சில நாட்களில் துடிப்பு இடம் மாறிவிட்டது. விளக்கு எரிந்ததும் துடித்தன. பழச்சாறு வாயில் விழுந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிட்டால், துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது.

தோழர்களே, இதை நம் சம்பள நாளோடு வைத்துப் பாருங்கள். ஆசை எங்கே தொடங்குகிறது? போத்தலைத் திறந்த பிறகா? இல்லை. சம்பளக் காசு கையில் பட்டதும் தொடங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கும் சந்தி, பொரித்த மீன் வாசம், "என்ன மச்சான், போவமா?" என்ற கூட்டாளியின் குரல், இவையெல்லாம் நமக்கு அந்த விளக்குகள். விளக்கு எரிந்துவிட்டது, இனிக் குடிக்காமல் வீட்டுக்குப் போனால் உள்ளே ஏதோ பறிபோனது போல இருக்கும். அந்தக் குறையைத்தான் அவர், "மனசு சரியில்லை" என்கிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. சாராயமோ கசிப்போ, ஐஸ் என்ற அந்தத் தூளோ, சோறும் பிள்ளையின் சிரிப்பும் தருவதைவிடக் கூடுதலாக அந்தப் பாதையைத் தட்டுகின்றன. நாள்பட நாள்பட மூளை தன் காதைப் பொத்திக்கொள்கிறது. திருவிழா, பந்து விளையாட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பரிசு, ஒன்றும் மனதில் ஏறாது. குடிப்பதிலும் பழைய சுகம் இருக்காது. ஆனால் வேண்டும் வேண்டும் என்ற உந்துதல் மட்டும் கூடிக்கொண்டே போகும். விரும்புவது வேறு, வேண்டும் என்று உந்தப்படுவது வேறு என்று காட்டியவர் அமெரிக்காவின் கென்ட் பெரிஜ். "சந்தோஷமே இல்லை, ஆனால் விட முடியவில்லை" என்று நம் அண்ணன்மார் சொல்வதும் அதுதான். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதே பாதையில்தான் போகிறது. அதனால் தாய்மார்களும் இதை மற்றவர் கதையாக எண்ண வேண்டாம்.

இப்போது மாலை போட்டவரிடம் திரும்பி வருவோம். மாலை விழுந்ததும் அவரைச் சுற்றியுள்ள எல்லாம் மாறுகிறது. எல்லோரும் "சாமி" என்கிறார்கள். யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. மாலையில் தவறணைக்குப் போன கால் பஜனைக்குப் போகிறது. கூட்டாளிகள் மாறுகிறார்கள், வழி மாறுகிறது, மரியாதையும் கிடைக்கிறது. விளக்குகள் எல்லாம் அணைந்து கிடக்கின்றன. மாலையைக் கழற்றியதும் எல்லாம் ஒரே நாளில் பழையபடி எரிகின்றன. பக்தி குறைந்ததால் அவர் விழவில்லை. அவரைச் சுற்றி நாம் கட்டிய வேலியை நாமே பிடுங்கிவிட்டோம்.

உலகம் பெரிய அளவில் பார்த்த உண்மை இது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போர் இல்லை, அந்த முகாம் இல்லை, வீடும் வேலையும் இருந்தன. பெரும்பாலானோர் மீண்டார்கள்.

நமக்குக் கிட்டிய உதாரணமும் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அந்த நிலையம் 1989இல் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் போட்டது. நோயாளியை நகரத்துக்குக் கூப்பிடாமல், சிகிச்சை ஊருக்கே போனது. 15 நாள் முகாம், குடும்பத்துக்கும் ஆலோசனை, முகாம் முடிந்த பிறகும் தேடிப் போய்ப் பார்ப்பது. ஊர் சேர்ந்து தாங்கிய சிகிச்சை அது. நம் லயங்களுக்குப் பொருந்துவதும் அந்த வழிதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தாய்மார்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிக் காம்பராவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். நிறுத்திய முதல் மூன்று நான்கு நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, பிதற்றுவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். "பேய் பிடித்துவிட்டது" என்று கோடங்கியைத் தேடிப் போய் நேரத்தை இழக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. வைத்தியர் பார்வையில் நிறுத்தினால் ஆபத்து மிகவும் குறைவு.

கசிப்பைப் பற்றியும் ஒரு சொல். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற கூலித் தொழிலாளர்கள். குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இனி நம் சங்கத்தின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். துரைமாரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. கிளைத் தலைவர் தெரிவுக்கு நாமும் போத்தல் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மே தின பஸ்ஸில் ஏற்றியிருக்கிறோம். கலியாண வீட்டிலும் கருமாதியிலும் "ஊற்றாவிட்டால் மரியாதை இல்லை" என்று நாமே பழக்கினோம். நிறுத்தப் பாடுபடும் தோழரின் முன்னால் விளக்கைக் கொளுத்தி வைத்தவர்கள் நாம்தான். எங்கள் கிளையில் ஒரு பால் வெட்டும் அண்ணன் நான்கு மாதம் குடிக்காமல் இருந்தார். சங்கக் கூட்டம் முடிந்த இரவில்தான் மறுபடி தொடங்கினார். அவருக்கு ஊற்றிக் கொடுத்த கை நம் கை. அதை மறக்க எங்களால் முடியவில்லை.

ஆகவே நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும், தெரிவிலும், பயணத்திலும் இனிப் போத்தல் கிடையாது.

இரண்டாவது, சம்பள நாளில் துணை. நிறுத்த விரும்புகிறவர் தனியாக வீடு திரும்பக் கூடாது. இரண்டு தோழர்கள் கூட வரட்டும். வேறு வழியில் வரட்டும். முதலில் கடைக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்கட்டும். மூளைக்குத் தூரத்துப் பெரிய பரிசைவிடக் கிட்டத்துச் சின்னப் பரிசுதான் வேகமாகப் புரியும். "பத்து வருடத்தில் வீடு கட்டலாம்" என்பதைவிட, "இந்தக் கிழமை மிஞ்சிய காசில் மகளுக்குச் சப்பாத்து" என்பது காலைத் திருப்பும். குடிக்காத ஒவ்வொரு கிழமையையும் வீட்டில் கண்டுகொள்ளுங்கள். ஒரு நல்ல வார்த்தைகூட வெகுமதிதான்.

மூன்றாவது, நிர்வாகத்திடம் கோரிக்கை. சிகிச்சைக்குப் போகும் தொழிலாளியின் பெயர் வெட்டப்படக் கூடாது. வேறு நோய்க்கு உள்ளது போல லீவு வேண்டும். மாலை நேரத்தில் தவறணையைத் தவிரப் போக இடமில்லாத தோட்டத்தில் வாசிகசாலையும் விளையாட்டு இடமும் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்க முடியாது. விற்றால் முறைப்பாடு செய்வோம்.

நான்காவது, ஒருவர் மறுபடி விழுந்தால் கைவிடுவதில்லை. பழைய தடம் ஒரே நாளில் மறையாது. ஒருமுறை வழுக்கியவரை, "பார்த்தாயா, நாய் வால்" என்று சொல்லாதீர்கள். எந்தச் சந்தியில், எந்த நேரத்தில், யாரோடு வழுக்கினார் என்று கேளுங்கள். அடுத்த மாதம் அந்தச் சந்தியில் நாம் நிற்போம். ஆலோசனை வேண்டுவோர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கங்களுக்கு அழைக்கலாம்.

மூட்டை தூக்கும் தம்பிமாரே, தூக்கம் வராமல் இருக்க என்று யாராவது மாத்திரையோ தூளோ நீட்டினால், அது உங்கள் உழைப்பை அடுத்த வருடத்துக்கும் சேர்த்து இன்றைக்கே வாங்குகிற கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பள உயர்வு கேட்கும்போது, "குடிக்கிற சனம்" என்று இனி யாராவது சொன்னால் நாம் தலை குனிய வேண்டியதில்லை. நோய்க்குச் சிகிச்சை கேட்போம், உழைப்புக்குக் கூலியும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க விடமாட்டோம்.

நம் முன்னோர்கள் நடந்த அந்தக் காட்டுத் தடத்தில் இன்றைக்கு ஆள் நடப்பதில்லை, புல் மூடிவிட்டது. நடக்காத தடம் மெல்ல மூடும். அதுவரை பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆளாகச் சங்கம் இருக்கட்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!