யார் எழுதிய கடன்?

(அதியமான்கோட்டைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மீட்புன்னா என்னன்னு கேட்டா, பாதிரியாருக்கு முன்னாடி எங்க வங்கிக்கு வர்ற பெண்களே பதில் சொல்லிடுவாங்க. 'கம்மலை மீட்க வந்திருக்கேன் சார்' என்பார்கள். அசலும் வட்டியும் கட்டினால் பொருள் கைக்கு வரும். மாற்கு சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தன் உயிரையே மீட்கும் பொருளாகச் சொல்கிறார்.

சரி, அடகு பிடித்தவன் யார்? சாத்தான் என்றார் ஓரிகன். 1098 வாக்கில் ஆன்செல்ம் அதை மறுத்தார். மனிதன் பாவத்தால் கடவுளின் மகிமைக்குக் குறை வைத்தான், அந்தக் கடனைத் தீர்க்க அவனால் ஆகாது, கடவுளே மனிதனாகி வந்து தீர்த்தார் என்றார். நிலப்பிரபுக்களின் ஐரோப்பாவில் போட்ட கணக்கு. பண்ணை வாடை அடிக்கத்தான் செய்யும்.

எங்க தாத்தா இந்த ஊர்ல பண்ணையாளா இருந்தவர். கல்யாணத்துக்கு வாங்கின கடன். எவ்வளவுன்னு அவருக்கே தெரியாது. நோட்டு ஆண்டையிடம், கைநாட்டு மட்டும் இவருடையது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. (சேதி எங்க சேரிக்கு வந்து சேர வருஷங்கள் ஆனது வேறு கதை.) அந்தச் சட்டம் கடனை யாரையும் கட்டச் சொல்லவில்லை, கடனே செல்லாது என்றது. தாத்தாவிடம் போய் 'உனக்காக ஒருத்தர் கட்டிட்டார்' என்று சொன்னால், ஆண்டையின் நோட்டு நிஜம் என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடாதா?

வேதத்திலேயே வேறு கணக்கும் இருக்கு. லேவியராகமம் 25இல், விலைபோனவனை மீட்கும் கடமை அவன் சொந்தக்காரனுக்கு. ஐம்பதாம் வருஷம் விற்ற நிலமும் ஆளும் வீடு திரும்பணும். கொலோசெயர் 2இல் பவுல், நமக்கு எதிராக எழுதப்பட்ட பத்திரமே சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்கிறார். நான் நம்பும் இயேசு கடன் கட்ட வந்தவரல்ல. நோட்டைக் கிழிக்க வந்து அடிபட்ட நம்ம பங்காளி.

ஆனால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, ஞானஸ்நானம் வாங்கினவன் பட்டியல் சாதி இல்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, கிறித்தவர் என்பதாலேயே அரசு தந்த இலவசப் பெட்டிக்கடை கிடைக்காமல் உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்வதைக் காட்டவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். அந்த நீதிபதிகளை எங்கள் கல்லறைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். செத்தவர்களுக்கு நடுவே சுவர்.

ஆயர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறேன். கடன் தீர்ந்துவிட்டதென்று ஞாயிறுதோறும் சொல்கிறீர்களே, அந்தச் சுவரை எதற்கு ஈடாக வைத்திருக்கிறீர்கள்?