மணல் வளவில் ஓர் ஊதாப்பூ



கடலோரத்து வளவில் பூந்தோட்டம் அமைக்க விரும்புகின்றவர், பெரும்பாலும் மண்ணை விலைகொடுத்து வாங்குவதிலேயே தொடங்குகின்றார். செம்மண் வந்து இறங்குகின்றது, பாத்தி எழுகின்றது, ரோசாக் கன்றும் நடப்படுகின்றது. கச்சான் வெக்கையில் அக்கன்று கருகுகின்றது. தப்பினால், வாடைக்காற்றோடு வரும் உப்புத் துவலையில் இலை உதிர்கின்றது. வேலிக்கு அப்பாலோ, ஒருவரும் நடாத, ஒருவரும் நீர் வார்க்காத கொடியொன்று ஊதாநிறப் பூக்களை விரித்துக் கிடக்கின்றது. அதனைக் களையென்று பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த ரோசாவுக்கு ஆயத்தமாகின்றார்கள்!

அக்கொடியே அடம்பன்கொடி. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்குரியதாகப் பாடிய அடும்பு இதுவே. அதன் இலை ஆட்டின் குளம்புபோல் நுனியிற் பிளந்திருக்கும். தாவர நூலார் சூட்டிய இலத்தீன் பெயருக்கும் ஆட்டுக்கால் என்பதே பொருள். வற்றாளைக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த இது, பல்லாண்டு வாழும் கொடி. காலையில் மலரும் பூ அன்றே வாடிவிடும். ஆயினும் மறுநாட் காலையில் வேறு பூக்கள் விரிந்திருக்கும். இதன் விதை கடல்நீரில் மிதந்து, உயிர் கெடாது நெடுந்தொலைவு செல்ல வல்லது. வெப்பநாடுகளின் கரைகளிலெல்லாம் இக்கொடி படர்ந்திருப்பதற்குக் காரணம் அதுவே.

இதன் பெரும்பயன் அழகன்று, மணலைக் காத்தலே. காற்று அள்ளிவரும் மணல் இலைகளிற் பட்டு வேகம் தளர்ந்து அங்கேயே விழுகின்றது. மணல் மூட மூடக் கொடி மேலே நீள்கின்றது. கணுதோறும் வேர் இறங்குகின்றது. இவ்வாறே இராவணன் மீசைப் புல்லும் அடம்பனும் சேர்ந்து மணல்மேடுகளை நிலைநிறுத்துகின்றன.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் மணலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பின்னர் ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடைகள் எழுந்தபின், அதன் வடபாற் கரையைக் கடல் அரித்தது. பேரலையை அடம்பன் தடுக்கும் என்றோ, கடல் அரிக்கும் கரையை அது மீட்டுத்தரும் என்றோ சொல்வது பொய்யாகும். நாள்தோறும் காற்றுக் கொண்டுபோகும் மணலை நிறுத்துவதே அதனால் ஆவது. அதுவும் சிறிய உதவியன்று.

இதனை வளர்க்கும் முறை எளிது. வாடை மழை தொடங்கும் ஐப்பசியே ஏற்ற காலம். இளநுனியை விடுத்து, முற்றிய தண்டில் நான்கைந்து கணுக்கள் அமையுமாறு ஒரு முழத் துண்டுகளாக வெட்டுதல் வேண்டும். கரையிலுள்ள கொடியை வேரோடு பிடுங்கலாகாது. துண்டு மட்டுமே போதும். கடலை நோக்கிய வெளிப்புறத்தில், இரண்டு மூன்று கணுக்கள் மணலுள் மறையச் சாய்வாகப் பதித்து, துண்டுக்குத் துண்டு இரண்டு முழ இடைவெளி விடலாம். வேர் பிடிக்கும்வரை இரண்டு மூன்று வாரம் ஈரம் வேண்டும். அதன்பின் எருவும் வேண்டா, நீரும் வேண்டா. விதையிட விரும்புவோர், அதன் வன்மையான தோலைச் சற்று உரசி, ஓர் இரவு ஊறவைத்து இடுதல் நன்று.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தென்னை நிழலில் இது பூக்காது. வெயிலே இதன் உணவு. அன்றியும், முப்பது அடிக்கு மேலும் ஓடக்கூடியது; ஆதலால், கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு அருகே நடாது, எல்லை தாண்டும் கொடியை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். முற்றத்தைப் பெருக்குவோர் அக்கொடியிருக்கும் ஓரத்தை மட்டும் விட்டுவிடுவாராக.

ஒரு வளவில் ஒருவர் நட்டால், அவர் காண்பது பூ மட்டுமே. அடுத்த வளவினரும், அதற்கடுத்தவரும் நட்டு, கொடியோடு கொடி பின்னிப் படரும்போதுதான் மணல் நிற்கின்றது. "அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று முன்னோர் சொன்னது மனிதரின் ஒற்றுமையைக் குறித்து. அச்சொல் கொடிக்கும் அப்படியே பொருந்தும். வரும் ஐப்பசியில், ஒரு தெருவார் கூடி நட்டுப் பார்க்கலாமே!