தீர்மானப் புத்தகமும் கரையானும்

ஊராட்சி உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

ஓர் ஊரில், களத்துமேட்டுப் பாதை பொதுப்பாதையே என்று முன்னாளில் நிறைவேறிய தீர்மானத்தின் நகலை உழவர் ஒருவர் கேட்டார். தீர்மானப் புத்தகம் அகப்பட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் கரையான் அரித்திருந்தது. நீதிமன்றத்தில் அவர் வெறுங்கையோடு நின்றார்.

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைக்கப் பணிக்கிறது. கேட்டவருக்கு 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் உண்டு. கேட்கப்பட்ட ஆவணத்தை அழித்தாலும் அபராதமே. அபராதம் அலுவலருக்கு, பாதையை இழப்பவரோ உழவர்!

ஆகையால், காலக்கெடு பாராமல் எந்த ஏட்டையும் எடைக்குப் போடாதீர்கள். அலமாரியைச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். அடுத்த கிராம சபைக்குள் தீர்மானப் புத்தகங்களை ஆண்டுவாரியாகப் பட்டியலிடுங்கள். சரிபார்க்க நானே வருகிறேன்.