கூந்தலும் கொண்டிஷனரும்



எண்ணெய் தேய்த்து, சீயக்காய் அரைத்து முழுகுவது நம் முன்னோர் கண்ட வழக்கம். இன்றோ ஷாம்பூவும், அதன் பின்னர்ப் பூசப்படும் கொண்டிஷனரும் கிராமத்துச் சிறு கடைகளிலும் விற்கப்படுகின்றன. பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர். பெற்றோர் வாங்கிக் கொடுக்கின்றனர். ஆயினும் கொண்டிஷனர் எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என அறிந்து வாங்குவோர் மிகச் சிலரே. இதனைப் பற்றிப் பேசப் பாடசாலை அதிபருக்கு என்ன உரிமை உண்டு என நேயர்கள் வினவலாம். நாள்தோறும் காலைப் பிரார்த்தனையில் நூற்றுக்கணக்கான பின்னல்களைக் காண்பவருக்கு அவ்வுரிமை ஓரளவு உண்டு. மேலும், இஃது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று; சில பிள்ளைகளின் மானத்தையும் தொடும் செய்தியாகும்.

முதற்கண் மயிரின் இயல்பை அறிதல் வேண்டும். மயிரில் உயிருள்ள பகுதி தோலுக்குள்ளே இருக்கும் வேர் மட்டுமே. வெளியே நீண்டு நிற்கும் இழை, நகத்தைப் போலவே கெரற்றின் என்னும் புரதத்தாலாய உயிரற்ற பொருள். அது மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள பின்னலின் நுனிக்கு வயது ஏறத்தாழ 5 ஆண்டுகள். பத்தாந் தரத்திற் பயிலும் மாணவி ஒருத்தியின் பின்னல் நுனி, அவள் ஐந்தாந் தரத்திற் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் முளைத்ததாகும். அன்று தொட்டு வெயிலையும் சீப்பையும் றிபனின் இறுக்கத்தையும் அது பொறுத்து வந்திருக்கின்றது.

இழையின் மேற்புறத்தை நுண்ணிய செதில்கள், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக மூடியுள்ளன. வேருக்கு அண்மையில் அவை நன்கு படிந்திருக்கும். நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் கிளம்பியும் உடைந்தும் காணப்படும். இதனாலேயே இழையோடு இழை கொழுவிச் சிக்குண்டாகின்றது. இவ்வாறு தேய்ந்த மயிர் நனையும்போது மறை மின்னேற்றம் கொண்டிருக்கும். கொண்டிஷனரிலுள்ள முக்கிய பொருள்களோ நேர் மின்னேற்றம் உடையவை. ஆதலின் அவை மயிரிற் சென்று ஒட்டிக்கொள்கின்றன. எங்கே தேய்வு மிகுதியோ அங்கே மிகுதியாக ஒட்டுகின்றன. கழுவிய பின்னரும் மெல்லிய வழுவழுப்பான படலம் எஞ்சி நிற்கும். சீப்பு வழுக்கிச் செல்லும். இழை அறுவது குறையும். கொண்டிஷனரின் பயன் இவ்வளவே.

இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு அதனைப் பயன்படுத்தும் முறை தானே விளங்கும். முதலில் ஷாம்பூவினால் தலையை முழுகி, மயிரிலுள்ள நீரைப் பிழிந்துவிடுக. நீர் சொட்டச் சொட்டப் பூசினால் பூசியது வழிந்தோடிவிடும். தோளளவு கூந்தலுக்கு ஒரு நாணயத்தின் அளவு எடுத்தாற் போதும்; நீண்ட கூந்தலுக்குச் சற்றுக் கூட்டலாம். உள்ளங்கைகளிற் பரப்பி, காதளவிலிருந்து கீழே நுனி வரை பூசுக. உச்சந்தலையிற் பூசவேண்டியதில்லை, அங்குள்ள மயிர் இளமையானது, தோலிற் சுரக்கும் எண்ணெயும் அதற்கு உண்டு. அங்கே பூசினால் மயிர் பிசுபிசுத்துத் தலையோடு ஒட்டிக் கிடக்கும். பின்பு பல் அகன்ற சீப்பினால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேனோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களின் பின் நன்றாக அலசிவிடுக. நெற்றியிலும் கழுத்திலும் முதுகிலும் எஞ்சினால் பருக்கள் தோன்றக்கூடும். குட்டையாக மயிர் வெட்டிய ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இது தேவையே இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நேயர்களுக்கு ஒரு சொல். அங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி வரும் வன்னீர். அந்நீரிற் சவர்க்காரமிட்டு முழுகினால், நீரிலுள்ள கல்சியத்தோடு அது சேர்ந்து கரையாத படிவொன்றை உண்டாக்கி மயிரைச் சொரசொரப்பாக்கும். அதன்மேற் கொண்டிஷனரைப் பூசுவது, அழுக்குச் சுவரைக் கழுவாமல் வெள்ளையடிப்பதை ஒக்கும். ஷாம்பூவோ சீயக்காயோ இத்தகைய படிவைத் தருவதில்லை.

மயிருக்குப் போஷாக்கு ஊட்டும் என்று விளம்பரங்கள் கூறுவதை நம்புதல் தகாது. உயிரற்ற பொருள் உணவு கொள்வதில்லை. வேருக்கு வேண்டிய உணவு இரத்தத்தின் வழியாகவே வருகின்றது. கீரையும் பருப்பும் மீனும் முட்டையும் அதற்கு உதவுவன. மயிர் தொடர்ந்து கொட்டினால், இரும்புச்சத்துக் குறைவு போன்ற காரணம் உண்டோ என்று வைத்தியரிடம் அறிதலே முறை. விலை கொடுத்து வாங்க இயலாதவர் வருந்தவும் வேண்டியதில்லை. செவ்வரத்தை இலையைக் கசக்கியெடுத்த வழுவழுப்பான சாறும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் சிக்கெடுக்க உதவுவன. முழுகுமுன் தேங்காயெண்ணெய் பூசுவது மயிர் தன் புரதத்தை இழப்பதைக் குறைக்கும் என்று 2003 இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. அதனை நடத்தியோர் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வாளர் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

இனி, மானத்தைத் தொடும் செய்திக்கு வருகின்றேன். தலையிற் பேன் உண்டு என்று அறிந்தவுடன் சக மாணவிகள் ஒதுக்கி வைக்க, தனி வாங்கில் அமர்ந்திருக்கும் சிறுமியைக் காணாத ஆரம்பப் பாடசாலை அரிது. கூந்தலை ஒட்ட வெட்டிவிடும் தாயாரும், வெட்கத்தால் பிள்ளையை வீட்டில் மறித்துவிடும் தாயாரும் உளர். பேன் அழுக்கின் அடையாளமன்று. சுத்தமான தலையிலும் அது வாழும். அது பறப்பதுமில்லை, பாய்வதுமில்லை. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்கின்றது.

கொண்டிஷனரின் வழுக்கும் குணம் இங்கே பெரிதும் பயன்படும். இப்போது மட்டும் முன் கூறிய விதிக்கு மாறாக, நனைந்த தலையில் வேரிலிருந்து நுனி வரை தாராளமாகப் பூச வேண்டும். ஈரத்திற் பேன் விரைந்து ஓடாது. சீப்பும் சிக்காமற் செல்லும். சிக்கெடுத்த பின், மயிரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பல் நெருங்கிய பேன்சீப்பினால் தோலைத் தொட்டு நுனி வரை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈர் பொரிப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் வரை செல்லுமாதலால் ஒருநாள் வாரினாற் போதாது. முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாட்களில் வாரி, பதினேழாம் நாளிற் சோதித்துப் பார்க்குக. வீட்டில் எல்லோருடைய தலையையும் பார்த்து, பேன் கண்டோர் அனைவருக்கும் ஒரே நாளிற் செய்தல் வேண்டும். பேன் மருந்து பூசுவதாயின் அதற்கு முன்னர்க் கொண்டிஷனர் பூசலாகாது. மருந்தின் வலிமை குறைந்துவிடும்.

பிள்ளையின் கூந்தலை வெட்டவும் வேண்டாம், அவளைப் பாடசாலைக்கு அனுப்பாது மறிக்கவும் வேண்டாம். விடுமுறை நாளொன்றில் அவளை முற்றத்து வெளிச்சத்தில் இருத்தி, பொறுமையோடு ஒரு மணி நேரம் வாரிவிடுங்கள். மறுநாள் தன் தோழியரின் அருகே வழக்கம்போல் அமர்ந்து அவள் பாடங் கேட்பாள்.