இரும்பில் எழுந்த ஓட்டல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)

 

"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்று சங்கச் செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். அதனால் ஃபார்முலாவை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்கிறேன். மும்பை ஃபோர்ட் வட்டாரத்தில், காலா கோடா என்ற இடத்தில் எழுந்த வாட்சன்ஸ் ஓட்டலின் கதை இது. வேலை நிமித்தமாக மும்பையில் இருந்த வருஷங்களில் அந்தத் தெரு வழியாக எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்.

1860-களில் பம்பாய்க் கோட்டை மதிலை இடித்து, காலியான இடத்தை மனைகளாக விற்றார்கள். ஜான் வாட்சன் என்ற ஆங்கிலேய ஜவுளி வியாபாரி அதில் ஒரு மனையை வாங்கினார். கட்டடத்தை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற இன்ஜினீயர். லண்டனில் தேம்ஸ் நதிமேல் 1873-ல் திறந்த ஆல்பர்ட் பாலமும் இவர் வடிவமைத்ததுதான். தூண், உத்தரம் என்று எல்லாவற்றையும் இங்கிலாந்தில் தயாரித்து, கப்பலில் ஏற்றி, பம்பாயில் இறக்கி மாட்டினார்கள். இன்று 'ப்ரீஃபேப்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது அப்போதே வந்தாயிற்று!

சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுமை முழுவதையும் இரும்புச் சட்டமே தாங்குகிறது. செங்கல் வெறுமனே இடைவெளியை அடைக்கத்தான். உலகின் முதல் வானளாவி என்று பலரும் சொல்லும் சிகாகோ ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885-ல்தான் வந்தது. அதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்பே பம்பாய்த் தெருவில் இரும்புச் சட்டத்தில் ஐந்து மாடி நின்றிருக்கிறது.

1896-ல் மார்க் ட்வைன் இங்கே தங்கினார். பம்பாய்க் காகங்களின் அட்டகாசத்தைத் தம் பயண நூலில் நகைச்சுவையாக எழுதினார். அதே வருஷம் ஜூலை 7-ம் தேதி லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்களை இந்த ஓட்டலில்தான் திரையிட்டார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். நம் நாட்டில் சினிமா பிறந்த இடம் இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்கு அங்கே வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் இடம் என்பதையும் மறக்கக் கூடாது.

1903-ல் தாஜ் ஓட்டல் மின்விளக்கோடு திறந்தது. வாட்சன்ஸின் மவுசு குறைந்தது. பிறகு ஓட்டல் தொழிலே நின்று, எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயர் மாறி, அறைகள் தடுக்கப்பட்டு, வக்கீல் ஆபீஸ், கடை, குடித்தனம் என்று நிரம்பின. ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஒரு தடுப்பு, ஒரு பரண், ஒரு குழாய். சட்டத்தில் எவ்வளவு சுமை கூடியது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று மொத்தமாகக் கணக்குப் பார்க்க யாரும் இல்லை.

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்குவதில் பலசாலி. இழுவிசைக்கு ஆகாது. உருக்கு மாதிரி வளைந்து எச்சரிக்கை தராது. சடாரென்று முறியும். உள்ளே புகுந்த ஈரம் துருவை வளர்க்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துப் பக்கத்துச் செங்கல்லைத் தள்ளும். பராமரிப்பு என்பது இந்த ஈரத்தோடு தினமும் நடக்கிற சண்டை.

அந்தச் சண்டைக்கு யார் பணம் கொடுப்பது? 1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் 1940-ன் வாடகையை அளவாக வைத்தது. வீடில்லாமல் தவித்தவர்களுக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் பல பத்தாண்டுகள் அப்படியே நீடித்ததில், வருகிற வாடகை சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காணாது என்ற நிலை ஊர் முழுக்க வந்தது. சொந்தக்காரர் "லாபமில்லை" என்பார். குடியிருப்பவர் "என் கட்டடமா?" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் கட்டடம் கரைகிறது!

2005-ல் முகப்பின் பால்கனிப் பகுதி இடிந்து விழுந்து ஓர் உயிர் போனது. உலக நினைவுச்சின்ன நிதியம் தன் 2006-ம் ஆண்டு ஆபத்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2019-ல் ஐ.ஐ.டி. பம்பாய் அறிக்கை இடித்துவிடச் சொன்னது. பாரம்பரியக் கட்டடக் கலைஞர்களோ, பழுது பார்க்க முடியும் என்று வாதாடினார்கள்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. "இதில் ஆட்கள் இருக்கலாமா?" என்பது ஒரு கேள்வி. "இது நிற்க வேண்டுமா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உயிர் விஷயம். இரண்டாவதற்கு நிதானம் வேண்டும். முட்டுக் கொடுத்து, தூண் தூணாகச் சோதித்து, மாற்றக்கூடிய உறுப்பு எது என்று பார்த்தபிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், ஒன்று உயிர் போகும், இல்லையென்றால் வரலாறு போகும்.

நாம் ஐ.எஸ். 456-ம் 800-ம் கரைத்துக் குடித்திருக்கிறோம். கான்கிரீட்டும் உருக்கும் கைவந்த கலை. வார்ப்பிரும்பும் சுண்ணாம்புக் காரையும் கண்ணில் பட்டால் மட்டும் முழிக்கிறோம். தெரியாத பொருளைப் பார்த்தால் "இடிச்சிடுங்க சார்" என்று எழுதத் தோன்றும். அது கட்டடத்தின் பலவீனமா, நம் படிப்பின் பலவீனமா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் மெயின் பிளாக்கும் வயசான கட்டடம்தான். இறுதியாண்டு சிவில் மாணவர்கள் வருஷா வருஷம் அதை அளந்து, விரிசலையும் கசிவையும் ஒரே பதிவேட்டில் குறித்து வரட்டும். கருவிகளுக்கான செலவை எங்கள் பேட்ச் ஏற்கும். விடுமுறையில் வந்து கூட நிற்கவும் நான் தயார். இது யார் பொறுப்பு என்று இங்கே யாரும் கேட்கவேண்டிய நிலை வரக் கூடாது.